என் ஓரகத்திக்குக் கிடைத்த தீவு

கொரோனா வருஷத்தில் எங்கள் வீட்டில் முதலில் பாசிட்டிவ் ஆனவள் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. சுகாதார நர்ஸ் வாசலில் நின்றபடியே, "அவங்கள ஐசோலேஷன்ல வைங்க" என்றார். மாமியார் வாயில் அந்தச் சொல் நுழையவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "ஏத்தா, மாடி ரூம ஒழிச்சுக் குடு" என்றார் என்னிடம்.

மாடி ரூம்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கண் வைத்த அறை. உள்ளே தாழ்ப்பாள் உண்டு, ஃபேன் உண்டு, ஜன்னலைத் திறந்தால் கண்மாய். ஒரே ஒரு நாள் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறேன் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். நெல் மூட்டை கிடக்கிறது, விருந்தாள் வருகிறார்கள் என்று ஏதாவது சொல்வார்கள். அவளுக்கு மட்டும் அத்தனை மூட்டையும் அன்றைக்கே இறங்கியது. இறக்கியவர்களில் நானும் ஒருத்தி.

கொடுத்து வைத்தவள்! சுக்குக் கஷாயம், அவித்த முட்டை, நாட்டுக்கோழி ரசம் என்று வேளாவேளைக்குப் படியேறிப் போனது. ஏற்றியதும் நான்தான். கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு இறங்கினால், உள்ளே போனில் யாருடனோ சிரிக்கிற சத்தம் கேட்கும். எனக்கு வயிறு பற்றி எரியும். காய்ச்சல் அவளுக்கா எனக்கா என்று சந்தேகமே வந்துவிட்டது.

அப்படி என்னதான் வார்த்தை அது என்று, ஆன்லைன் கிளாஸில் இருந்த மகளிடம் கேட்டேன். மொபைலில் தேடிச் சொன்னாள். லத்தீனில் தீவுக்கு 'இன்சுலா' என்று பெயராம். அதிலிருந்து 'தீவாக்கப்பட்டது' என்று இத்தாலிக்காரர்கள் ஒரு சொல்லைச் செய்ய, அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து 'ஐசோலேட்டட்' ஆகிவிட்டதாம். தனித்து விடப்பட்டது, ஒதுங்கிக் கிடப்பது, துணையில்லாதது என்று பல அர்த்தம். நோயாளியைப் பிரித்து வைப்பதெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. மோட்டார் வயரில் என் வீட்டுக்காரர் சுற்றுகிற இன்சுலேஷன் டேப்பும் அதே வம்சம்தானாம்.

"அப்ப சித்தி இப்ப ஒரு தீவும்மா."

"ஆமா, மகாராணி தீவு! சுத்தித் தண்ணிக்குப் பதிலா நான்ல ஓடிக்கிட்டிருக்கேன்."

அவள் இறங்கி வந்தபோது கொஞ்சம் இளைத்திருந்தாள். "ஒங்களுக்கென்னக்கா, நாலு பேரோட அடுப்படியில இருந்தீங்க. நான் அங்கிட்டுப் பேச ஆளில்லாமச் செத்தேன்" என்றாள். ஆத்தாடி, பேச்சைப் பார்! வா மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது.

அடுத்த வாரமே எனக்குத் தொண்டை கரகரத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. தலையணையையும் மாற்றுச் சேலைகளையும் எடுத்துத் தயாராக வைத்துவிட்டேன். ரிசல்ட் வந்தது. எனக்குப் பாசிட்டிவ். வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தன், மகள் எல்லோருக்கும் பாசிட்டிவ்.

"எல்லாருக்குந்தான் வந்திருச்சே, இனிமே எதுக்குத்தா தனி ரூமு?" என்றார் மாமியார். பாவி போன இடம் பாதாளம். ஓரகத்தியை, இப்போதுதான் எழுந்த பிள்ளை என்று உட்கார வைத்துவிட்டார்கள். சமையல் என் தலையில்.

ரசம் கொதிக்கும்போது நர்ஸ் போன் பண்ணினார். "தனி ரூம்லதானம்மா இருக்கீங்க?"

அடுப்பை அணைத்தேன்.

"ஆமாங்க, மாடி ரூம்லதான். ஜன்னலத் தொறந்து வச்சிருக்கேன். கண்மா நல்லாத் தெரியுதுங்க."