அரக்கனும் பதிவுப் படிவமும்

வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் சிங்களம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பொலிஸ் பதிவு என் தலையில் விழுந்தது. வெளியூரிலிருந்து எந்தத் தமிழர் வந்து தங்கினாலும், யார், எங்கிருந்து, என்ன காரணம் என்று படிவம் நிரப்பி, வந்த கையோடு பொலிஸ் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிவளைப்பின்போது ஆளை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பகலில் கந்தோர் வேலை, மாலையில் ஆங்கில இலக்கிய வகுப்பு. அந்த மாதம் வகுப்பில் ஒரு பழைய நாவல். தூரத்துத் தீவொன்றிலிருந்து துரை ஒருவர் கப்பலில் கொண்டுவந்து சங்கிலியில் கட்டிவைக்கும் அரக்கன் அதில் வருவான். துரை அவனைப் பற்றிப் பேசுவார், துரைசானி பேசுவார், பாதிரியார் பேசுவார். அவனைப் பேசவிடுவார் ஒருவருமில்லை. பின்காலனியக் கோட்பாடு புதிதாகக் கையில் கிடைத்திருந்த நான் அந்தத் துரையைச் சும்மா விடுவேனா? அவன் அரக்கனாகப் பிறக்கவில்லை, இனவெறி பிடித்த கண்கள்தான் அவனை அப்படி ஆக்கின என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அரக்கன் நம்மாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சோதனைச் சாவடியில் நாளுக்கு இரண்டு தரம் அடையாள அட்டையை நீட்டுகிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டுரையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை, மன்னார்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து பெரிய கட்டோடு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை திரும்பவும் டொக்டரிடம் காட்டியே ஆகவேண்டும், தவறினால் கண் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"தங்கச்சி, என்ர பதிவையும் ஒருக்காப் பாத்துக் குடுப்பீங்களே?"

"ஓம் அண்ணை. நாளைக்கே குடுத்துவிடுறன்."

அன்றே நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் கண் சத்திரசிகிச்சை என்று அழகாக எழுதினேன். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நேரம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கட்டுரையின் மூன்றாம் பகுதி. புதன்கிழமை மேற்கோள்கள். பொலிஸ் நிலையம் நடந்து போனால் பத்து நிமிடம்.

வியாழக்கிழமை விடியவே, பாண்காரன் வரும் நேரத்துக்கு, பொலிசார் ஒழுங்கையை மறித்து வீடு வீடாகப் பார்த்தார்கள். கண்ணில் கட்டுப் போட்ட தமிழன், பதிவும் இல்லை. சண்டையில் காயப்பட்டு வந்த இயக்கக்காரன் என்று சீருடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்கு விளங்கியது. அவர் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டைக் காட்டினார். இதை யாரும் எழுதலாம் என்றார்கள். என் அறைக்குள் போய்ப் படிவத்தை எடுத்துவந்து நீட்டியிருக்கலாம். பதிவை மறைத்தவள் என்று என்னையும் ஏற்றுவார்களோ என்ற பயத்தில் எடுக்கப் போகவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்கார அன்ரியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

"பதிவு குடுத்தனிதானே பிள்ளை?" என்று வழியில் அன்ரி கேட்டார்.

"அவர் என்னட்டத் தரேல்லை அன்ரி."

அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பொறுப்பதிகாரி அண்ணையை அழைப்பித்து, ஏன் பதியவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்க்க நான்தான். கேள்வியைத் தமிழில் சொன்னேன். படிவத்தை என்னிடம் விட்டதாக அண்ணை ஒரு சொல் சொன்னால் போதும், அவருக்குப் பக்கத்தில் நானும் கைதியாக நிற்பேன். அண்ணை ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி."

"அமதக உனாலு," என்றேன். மறந்துவிட்டாராம். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். விசாரித்து முடியும்வரை உள்ளே இருக்கட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுத்தேன். ஆம், கொடுத்தேன். அன்றிரவு நித்திரை வராமல் நாவலைத் திரும்பப் புரட்டியபோது, துறைமுகக் காட்சியில் எழுத்தன் ஒருவன் தட்டுப்பட்டான். கப்பலில் வந்தவர்களைப் பதிவேட்டில் எழுதுபவன். அவனும் கறுப்பன்தான், துரையின் மொழி படித்தவன். அரக்கனுக்கு அவன் ஒரு கெடுதலும் செய்யவில்லை. தன் வேலை முடிந்ததும் பதிவேட்டை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறான். இருபது பக்கக் கட்டுரையில் அவனைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

அண்ணையைத் திங்கட்கிழமை விட்டார்கள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். புண் சீழ் பிடித்துவிட்டது, இனி அந்தக் கண்ணில் பார்வை வராது என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து அவர் கட்டிலில் இருந்ததும் கதவடியில் நின்று சொன்னேன்.

"அண்ணை, படிவம் என்னட்டத்தான் இருந்தது. நான்தான் குடுக்கேல்லை."

"தெரியும் தங்கச்சி. புதன்கிழமை தண்ணி எடுக்கப் போகேக்க, திறந்திருந்த கதவால உங்கட மேசையில கண்டனான்."

"கண்டிட்டு ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் மும்முரமா எழுதிக்கொண்டிருந்தீங்கள். படிக்கிற பிள்ளையைக் குழப்பக்கூடாது எண்டு விட்டிட்டன்."