சத்தம் காட்டிய மேட்ச்

இன்ஜினியரிங் கடைசி வருட புராஜெக்டுக்காக நான் எழுதியது, சத்தத்தை மட்டும் வைத்து கிரிக்கெட் மேட்ச்சின் ஹைலைட்ஸைப் பிரித்தெடுக்கும் புரோகிராம். கூட்டம் எங்கே கத்துகிறதோ அந்த இடத்தை வெட்டி எடுக்கும். செவ்வாய்க்கிழமை ரிவ்யூ. கைடு ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார்: மேட்ச் பார்க்காத ஒருவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும், என்ன நடந்தது என்று அவர் சரியாகச் சொன்னால்தான் பாஸ்.

அந்த ஒருவர் என் அண்ணன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். மண்ணூரில் அவர் எடுத்திருந்த அறையில்தான் நானும் ஒண்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் அன்று அவருக்கு ஓவர்டைம் வேலை. எனக்காகவே யாரிடமும் ரிசல்ட் கேட்காமல், பஸ்ஸில் காதைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்.

நான் உட்காரவே இல்லை. கம்ப்யூட்டருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். புரோகிராம் வெட்டியெடுத்த ஹைலைட்ஸ் பதினைந்து நிமிடம் ஓடியது. ஃபோர், சிக்ஸ், மறுபடியும் ஃபோர். அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டார்.

“ஜெயிச்சிட்டோம்லா?”

தோற்றிருந்தோம், அதுவும் கேவலமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேட்ச் நடந்தது நம் நாட்டு மைதானத்தில். நம் ஆள் அவுட்டாகும்போதெல்லாம் கூட்டம் வாயடைத்துப் போயிருந்தது. புரோகிராம் அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டது.

ஆறு மாத உழைப்பு. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “ஆமாண்ணே” என்றேன். அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நான் எழுவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிட்டார். அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சத்தம் சட்டென்று அடங்கும் இடங்களையும் பிடிக்கும்படி புரோகிராமை மாற்றினேன். விட்டுப்போன விக்கெட்டெல்லாம் வரிசையாக வந்து நின்றது. சொன்ன பொய்யை நினைத்து எரிச்சல்தான் வந்தது. டீ குடிக்கப் போய், பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

நாலரைக்கு அண்ணன் வந்தார். சட்டையைக் கழற்றியபடியே பேசினார்.

“பஸ் பூரா ஒரே சிரிப்பு. டிரைவர் ‘இன்னா தலைவா, நீ வேற மேட்ச் பாத்தியா’ங்கான். நான் விடலையே. எந்தம்பி செஞ்ச புரோகிராம் தப்பாக் காட்டாதுன்னு கம்பெனி கேட்டு வாசல் வரைக்கும் மல்லுக்கு நின்னேன். பெறவு பேப்பரைக் காட்டுனானுவ.”

நான் அவர் கழற்றிய சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

“அதுல ஏதோ கோளாறு இருக்குலே. நாளைக்குள்ள சரி பண்ணிருவியா?” என்று கவலையோடு கேட்டார்.

“பண்ணிட்டேண்ணே” என்றேன். பழி புரோகிராமின் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொய் சொன்னது நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.