பத்தடி முன்னால் போகிறவர்

தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, மே மாதக் கடைசி. அப்போது நாங்கள் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம் வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே அரசு அலுவலகத்தில் வேலை. குழந்தை லீவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதிலும் ஒருவர் பேசமாட்டார்.

அந்தச் சனி, ஞாயிறுக்கு என் கணவரின் பழைய சிநேகிதர் ஒருவர் மனைவியோடு சென்னையிலிருந்து வந்தார். அவர்களுடையது காதல் கல்யாணம். எங்களைப் போலவே ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பார்த்தால் நேற்றுத்தான் மாலை மாற்றிக்கொண்டவர்கள் போல இருந்தார்கள். அந்தப் பெண் என்னைவிட இளையவள், சுடிதார் போட்டுக்கொண்டு ஒல்லியாக இருப்பாள். புருஷனைச் சிரித்துக்கொண்டே "டேய்" என்பாள். அவரும் "என்னடி" என்று வந்து நிற்பார்.

சனிக்கிழமை சாத்தனூர் அணைக்குப் போனோம். வழியில் நுங்கு வாங்கிப் போய், அணைக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சிநேகிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு நுங்காக எடுத்து, துவர்க்கும் அந்தத் தோலை நகத்தால் உரித்து, மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவளும் கூச்சமே இல்லாமல் வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. நுங்கு சாப்பிட்டும் எரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! என் வீட்டுக்காரர் தன் பங்கைத் தோலோடு விழுங்கிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கு" என்றார். அதை அணையிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

அணைக்கட்டின் மேல் அவர்கள் இரண்டு பேரும் கைகோத்து நடந்தார்கள். என்னவரோ வழக்கம்போல பத்தடி முன்னால், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கடைத்தெருவுக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் போகவேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போக வெட்கப்படுகிறாரோ, வேறு வழியில்லாமல்தான் என்னோடு காலம் தள்ளுகிறாரோ என்று அன்றைக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது போகவே இல்லை.

வீட்டுக்கு வந்து சமைத்தபோது அந்தச் சிநேகிதர் சமையலறைக்கே வந்து, "அண்ணி, தேங்கா நான் துருவறேன், குடுங்க" என்று உட்கார்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாத்திரங்களிடம் காட்டினேன். கூடத்திலிருந்த என் கணவர், "என்னா சத்தம்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிரிவலம் கிளம்பினோம். பௌர்ணமி இல்லாததால் கூட்டம் அதிகம் இல்லை. அடி அண்ணாமலையில் டீ குடித்துவிட்டு நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. வெறுங்கால் சுட்டது. அவள் "கால் வலிக்குதுடா" என்று புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் ஆள் கண்ணுக்கே தெரியவில்லை. வளைவு தாண்டிப் போய்விட்டிருந்தார்.

குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் வந்தது. சின்னக் கோயில்தான். பின்பக்கத்து இடுக்கில் படுத்து நுழைந்து, உள்ளே ஒருக்களித்து ஊர்ந்து, முன்பக்கமாக வெளியே வரவேண்டும். உடம்பு வலியெல்லாம் போகும் என்பார்கள். அவள் பல்லி மாதிரி சர்ரென்று போய் அந்தப் பக்கம் வந்துவிட்டாள். புருஷன் கை தட்டினார்.

எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. இவளால் முடிந்தது என்னால் முடியாதா என்று நானும் படுத்து நுழைந்தேன். பூ விற்கிற அம்மா ஒருத்தி, "கைய முன்னாடி நீட்டிக்கினு போம்மா" என்று கத்தியது காதில் விழுந்தது. ஆனால் பின்னால் ஆம்பிளைகளும் வரிசையில் நின்றார்களே! புடவை ஏறிவிடக் கூடாதென்று இரண்டு கையையும் கீழே விட்டுக் கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். பாதியில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கல் மார்பை அழுத்தியது. மூச்சு முட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன்.

"அண்ணா! அண்ணா! ஓடி வாங்க, அக்கா மாட்டிக்கிட்டாங்க!" என்று அவள் அலறியது கேட்டது. கொஞ்ச நேரத்தில் முன்பக்க வெளிச்சம் மறைந்தது. என் கணவர். வெள்ளை வேட்டியோடு மண்ணில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டிருந்தார். ஓடி வந்ததில் அவருக்கும் மூச்சு வாங்கியது.

"பயப்படாத. நான் வந்துட்டேன். மூச்ச மெதுவா விடு."

அந்த முகத்தைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் அந்த இடுக்கில் கொட்டியது. "உங்களுக்கென்ன, நீங்க பாட்டுக்கு முன்னாடி போயிட்டீங்க! அவரு பொண்டாட்டிய விட்டு நகர மாட்டேங்கறாரு. நான் என்ன, உங்க பக்கத்துல நடக்கக்கூட லாயக்கில்லாதவளா?"

அவர் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "பக்கத்துல நடந்தா ஏதாவது பேசணும். எனக்கு என்ன பேசறதுனு தெரியல. ஏதோ சொல்லப் போயி, நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவ. அந்த பயத்துலதான் முன்னாடி போயிடறேன்."

பின்னால் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "யம்மா, உங்க பஞ்சாயத்த வெளிய வந்து வெச்சிக்கக் கூடாதா? கால் சுடுது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். சிரித்ததில் மூச்செல்லாம் வெளியே போய் உடம்பு தளர்ந்தது. அதற்குள் சிநேகிதரின் மனைவி பின்பக்கம் ஓடிவந்து, தன் துப்பட்டாவை என் காலைச் சுற்றிப் போட்டு, "அக்கா, புடவைய நான் புடிச்சிக்கிட்டேன். கைய விட்டுட்டு முன்னாடி நீட்டுங்க" என்றாள். பொறாமையில் யாரைப் பார்த்துப் பொசுங்கினேனோ, அவள்தான் என் மானத்தைக் காத்தாள்! ஒவ்வொரு கையாக நெளித்து முன்னால் கொண்டுவந்தேன். என் கணவர் இரண்டையும் பிடித்து இழுத்தார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. முழங்கை சிராய்த்து, தலையெல்லாம் திருநீறும் மண்ணுமாக வெளியே வந்து விழுந்தேன்.

மிச்ச தூரம் அவர் என் பக்கத்தில் நடந்தார். பழக்கமில்லாததால் இரண்டு தடவை என் காலை மிதித்தார். கொஞ்ச தூரம் போனதும், தன் ஆபீஸில் யாரோ ஒருவருக்கு மாற்றல் வந்த கதையை ஆரம்பித்தார். தலையும் இல்லாத, வாலும் இல்லாத கதை. நடுவில் நிறுத்தி, சரியாகத்தான் சொல்கிறோமா என்பது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டார். நான் "அப்புறம்?" என்றேன். அவர் தொடர்ந்தார்.

இன்றைக்கும் ஜோடியாகக் கைகோத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் என்னோடு பேசப் பிடிக்காத மனிதர் என்று நான் நினைத்து அழுதவர், பேசப் பயந்த மனிதர்தான் என்று அந்தக் கல் இடுக்கில் படுத்தபடி தெரிந்துகொண்ட பிறகு, பக்கத்தில் வரச்சொல்லி முதலில் கூப்பிடுகிறவள் நானாகத்தான் இருக்கிறேன்.