பார்த்தும் சொல்லாத காலை

அக்காவுக்கு முன்கோபம், எனக்குப் பொறுமை என்று வீட்டில் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன்.

இருவரும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறோம். நைலான் உரசினால் பொறி பறக்கும் என்று பருத்திச் சேலையில்தான் உள்ளே விடுவார்கள். முன்பு ஒருமுறை சடங்கு வீட்டிலிருந்து அப்படியே நைலான் சேலையோடு போய்விட்டோம். எங்களை மேற்பார்வை பார்க்கிற பெண், எல்லோரும் மதினி என்று கூப்பிடுகிறவள், வாசலிலேயே நிறுத்தினாள்.

"வேலைக்கு வந்தீகளா, மாப்பிள்ளை பாக்க வந்தீகளா?"

என்னைப் பெண் பார்த்தவர்கள் வேண்டாமென்று சொல்லியனுப்பிய வாரம் அது. மதினிக்கும் தெரியும். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அக்கா விடவில்லை. "ஒங்க மூஞ்சிக்கே மாப்பிள்ளை கெடைச்சிருக்கு, இவளுக்குக் கெடைக்காதாக்கும்?"

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மறுவாரமே அக்காவும் மதினியும் ஒரே தூக்குச்சட்டியில் கைவைத்துச் சாப்பிட்டார்கள்.

போன தீபாவளி சீசனில் ஒரு காலை, வேனில் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவகாசி தாண்டும்போது அவள் இடுப்பில் போன் செருகியிருப்பதைப் பார்த்தேன். மகளுக்குப் பிரசவ நேரம்; பேசிவிட்டு மறந்துபோய்ச் செருகியிருப்பாள். போனை டிரைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அன்று அதிகாரிகள் சோதனைக்கு வருவதாகப் பேச்சு. பிடிபட்டால் மதினிக்கு வேலை போய்விடும். பிடிபடாமல் வெடிமருந்து அறைக்குள் போனால் இன்னும் மோசம். அங்கே அக்காவும் இருப்பாள், நானும் இருப்பேன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூச்சம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கூச்சப்படுகிறவள் முழங்கையால் இடித்தாவது காட்டியிருக்கலாம்.

இறங்குகிற நேரத்தில் அக்கா கத்தினாள். "ஏ மதினி! பேரப்புள்ள பொறக்குமுன்ன போனை இடுப்புல தூக்கிட்டுத் திரியிறீகளே! டிரைவர்ட்ட குடுங்க மொதல்ல!"

"ஆத்தீ..." மதினி போனை உருவி டிரைவரிடம் நீட்டினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "பக்கத்துலதான இருந்த, ஒனக்குத் தெரியலையா?"

"இல்லக்கா."

வஞ்சம் வைத்திருப்பவர்கள் சத்தம் போடுகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா வாயால் கொட்டிவிடுகிறாள். அவளிடம் மிச்சம் இருப்பதில்லை. எனக்குள் மடங்கிக் கிடந்ததற்குத்தான் பொறுமை என்று பெயர் வைத்திருந்தோம்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். வேன் அதிர ஏசுவாள், மத்தியானச் சோற்றுக்குள் மறந்துவிடுவாள். தெரிந்துதான் இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.