நாலாம் நம்பர் ஷூவோடு கும்மிடிப்பூண்டிக்கு

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, தலையைக்கூட ஒழுங்காக வாராமல், வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். கையில் துணிக்கடைக்காரன் தீபாவளிக்குக் கொடுத்த மஞ்சள் கட்டைப்பை. பைக்குள் என் மகள் ரேவதியின் சேஃப்டி ஷூ, முன்பக்கம் இரும்பு வைத்தது, நாலாம் நம்பர்.

ரேவதி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார் சீட்டுக்கு ஃபிரேம் செய்யும் கம்பெனியில் ஒரு வருஷமாக டிரெய்னி. அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் ஷூவைக் கழுவி மொட்டை மாடியில் காயப்போட்டாள். விடியற்காலையில் செருப்போடு கிளம்பிப் போய்விட்டாள். ஒன்பது மணிக்கு ஹாஸ்டலிலிருந்து போன். "ம்மா, ஷூவ மறந்துட்டேம்மா! இன்னிக்கு ரெண்டு மணி ஷிப்ட்ல டெஸ்ட்டும்மா!" என்று ஒரே அழுகை.

மெஷினைத் தனியாக ஓட்டிக் காட்டினால் பர்மனென்ட். மஞ்சள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு நீல ஹெல்மெட் கொடுப்பார்கள். இன்று விட்டால் இன்னும் ஆறு மாதம் டிரெய்னிதான். கம்பெனி கொடுத்த ஷூ இல்லாவிட்டால் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். நாலாம் நம்பர் கால் ஹாஸ்டலில் வேறு யாருக்கும் இல்லை.

முதலில் பார்சல் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். ஒரு பொம்மை பைக் திரையில் சுற்றிச் சுற்றி வந்தது. "உங்களுக்காக வண்டி தேடுகிறோம்." பத்து நிமிஷம் தேடிவிட்டு, சேவை இல்லை என்றது. அதோடு விட்டதா? எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டது! எனக்கு வாயில் நன்றாக வந்தது. தைக்க வந்த நாலு ஜாக்கெட்டை வெட்டியபடியே போட்டுவிட்டு, நானே கிளம்பிவிட்டேன்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். வேப்பம்பட்டும் கும்மிடிப்பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் என்று சென்னைக்குள் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகும் வண்டியைப் பிடித்து மறுபடி சென்னையை விட்டு வெளியே வரவேண்டும். டிக்கெட் இருபது ரூபாய்தான். செங்குன்றம் வழியாக பஸ்ஸும் உண்டு, ஆனால் அந்த டிராஃபிக்கை நம்பி மகளின் வேலையைப் பணயம் வைக்க எனக்குத் தைரியமில்லை. நாற்பத்தாறு வயதில் தனியாக இவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை!

பேசின் பிரிட்ஜில் பிடித்த பதினொரு மணி வண்டியில் லேடீஸ் பெட்டி நிரம்பி வழிந்தது. மதிய ஷிப்டுக்குப் போகிற பெண்கள். இந்த வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. நிற்பவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வைத்துவிடுவார்கள். யார் என்ன என்று கேள்வியே கிடையாது. நானும் ஒரு அம்மாவின் மடியில் வைத்தேன். அவர் முகமே தெரியவில்லை, அத்தனை பை.

எண்ணூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக உப்புக்காற்று, தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மீஞ்சூர் வந்ததும் பச்சை வயல். ஒரே ரயிலில் இத்தனையா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பொன்னேரியில் அந்த அம்மா எழுந்து, "இந்தாம்மா, நீ குந்து," என்று சீட்டைக் கொடுத்தார். சீட்டோடு பைகளையும் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பெட்டிக்கே பொறுப்பேற்றுக்கொண்டதுபோல் கம்பீரமாக உட்கார்ந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். "யக்கா, என் பை", "யக்கா, அந்த மஞ்சப் பை." நல்ல உயரமான பெண் ஒருத்திக்கு ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தேன். மிச்சமிருந்த மஞ்சள் பையை அமுக்கிப் பார்த்தேன். கட்டியாக இரும்பு தட்டுப்பட்டது. நம்முடையதுதான் என்று இறங்கிவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து சிப்காட் மூன்று கிலோமீட்டர் இருக்கும், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். எவ்வளவு அகலமான ரோடு! இரண்டு பக்கமும் கம்பெனி மதில்கள், வரிசையாக லாரிகள், காற்றில் இரும்பு காய்ந்த வாடை. கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் ரேவதி காத்திருந்தாள். ஓடிவந்து பையைப் பிடுங்கிப் பிரித்தாள். அப்படியே நின்றாள்.

"ம்மா, இது ஏயாம் நம்பரும்மா!"

அந்த ரயிலில் வருகிற பாதிப் பேருடைய பையில் இதே ஷூதான் இருக்கும் என்பது தையல்காரியான எனக்கு எங்கே தெரியும்? உயரமான அந்தப் பெண்ணுக்குப் பையை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மணி ஒன்று ஆகப்போகிறது. ரேவதி கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஒன்னும் இல்லடி, உங்களுக்கு வாட்ஸப் குரூப் இல்ல?" என்றேன். இருந்தது, லேடீஸ் பெட்டிக்கென்றே இருநூறு பேர் கொண்ட குரூப். ஷூவைப் படம் எடுத்து, "இது யாருடையது, அவசரம்" என்று போட்டாள். முதல் பதில் ஒரு ரோஜாப்பூ, மதியம் ஒரு மணிக்குக் காலை வணக்கம். அடுத்தது, "விலை என்ன சிஸ்?" மூன்றாவது, "பிரவுன் கலர் இருக்கா?" அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ரேவதி முறைத்தாள்.

ஐந்து நிமிஷம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "யக்கோவ்! அது என் ஷூ! இங்க ஒரு கொயந்த ஷூவ வச்சிக்கினு எங்க கம்பெனி கேட்டாண்ட நிக்கிறேன், கட்ட விரலு கூட உள்ள போவல. எனக்கும் ரெண்டு மணி ஷிப்ட்டு. எங்க கீறீங்க?" பெயர் ஸ்டெல்லா. வேலை செய்வது இதே சிப்காட்டில், மறுகோடியில்.

ரேவதி உடனே டீக்கடை இருக்கும் இடத்தைச் சொல்லி, "அங்கியே இருங்க, நாங்க வரோம்," என்று அனுப்பினாள். ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் எதிரே ஒரு ஆட்டோ பறந்துபோனது. உள்ளே மஞ்சள் பை ஆடியது. அதே நொடி ரேவதி போனில் ஸ்டெல்லாவின் மெசேஜ் வந்து விழுந்தது: "அங்கியே இருங்க, நான் வரேன்."

"திருப்புப்பா! திருப்பு! அந்த ஆட்டோவப் புடி!" என்று நான் கத்திய கத்தலில் லாரிக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, பர்சு எதனா அடிச்சிக்கினு போறாங்களா?" என்றார் டிரைவர்.

"ஷூப்பா, ஷூ!"

"ஷூவுக்கா இம்மாம் பேஜாரு? புடிச்சிக்கங்க கெட்டியா!" என்று வண்டியைத் திருப்பினார் பாருங்கள், நான் ரேவதியின் மேலேயே போய்ச் சாய்ந்துவிட்டேன். ஹாரனை அமுக்கிக்கொண்டே துரத்தி, எங்கள் டீக்கடை வாசலிலேயே மடக்கினார்.

ஸ்டெல்லா பாய்ந்து இறங்கினாள். ரேவதியும் அவளும் ரோட்டோரச் சிறுபாலத் திண்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டினார்கள். அவள் காலையும் இவள் காலையும் பார்த்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மன்னிச்சுக்கோம்மா ஸ்டெல்லா, தப்பு என்னுதுதான்," என்றேன். "ஐய, வுடுக்கா. அவ்ளோ பையிக்குள்ள உன் மூஞ்சே தெர்ல, பாவம்," என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் தாவி ஏறினாள்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. கேட்டில் செக்யூரிட்டி குனிந்து ரேவதியின் காலைப் பார்த்தார், கையசைத்து உள்ளே விட்டார். சற்று முன்பு வரை திருவிழாபோல் இருந்த ரோடு வெறிச்சென்று ஆகிவிட்டது. உள்ளே இரும்பு மோதும் சத்தம் மட்டும் வெளியே வந்தது. அதில் என் மகளுடைய சத்தம் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில் ஒரு மெஷின், ஒரு ஆள், வேண்டும்போது நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். இங்கே அப்படி நடக்காது. டெஸ்ட் முடியாமல் ஊருக்குத் திரும்ப எனக்கு மனசு வரவில்லை. இரண்டு டீ குடித்தேன், டீக்கடைக்காரர் பெஞ்சைக் காலி செய்யச் சொல்லவில்லை.

நான்கு மணி டீ பிரேக்கில் கேட் கம்பிக்குப் பின்னால் ஒரு உருவம் ஓடிவந்தது. தலையில் நீலம்!

"ரேவதீ!" என்று கத்தினேன். கம்பிக்குள் கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுபிசுப்பு. அவள் மூச்சு வாங்க, "ம்மா, காத்தாலேர்ந்து எதனா துன்னியா நீ?" என்று கேட்டாள். அப்போதுதான் நாஷ்டாவே சாப்பிடவில்லை என்பது நினைவு வந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. "போடி, போய் வேலையப் பாரு," என்று துரத்திவிட்டேன்.

ஸ்டேஷனுக்குத் திரும்ப ஷேர் ஆட்டோ ஏறினேன். கலைந்த தலை, அழுத முகம், வெறும் மஞ்சள் பை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தபடியே இருந்தார். கடைசியில் இரக்கப்பட்டு, "இன்னாம்மா, வேலை கேட்டு வந்தியா? கெடைக்கலியா?" என்றார்.

"கெடச்சிடுச்சுப்பா. பர்மனென்ட்டு!" என்றேன்.

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் இருந்த பெண் கை நீட்டி என் கையைக் குலுக்கினாள். எனக்கில்லை, என் மகளுக்கு என்று சொல்ல ஸ்டேஷன் வரும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.