மூட்டவா, மூடவா?

சின்னப்பொண்ணு தும்மினால், ஷிப்ட் சங்கு ஊதிவிட்டதென்று ஒரகடத்தில் பாதிப் பேர் டிபன் டப்பாவைத் தூக்கிவிடுவார்கள். அப்படி ஒரு தொண்டை. கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தபோது, "இந்த இட்லிய ஒடைக்க ஜேசிபி வரணும்" என்று கத்தினாள். அன்றோடு அந்த வேலை போயிற்று.

இப்போது கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் கூலி வேலை. கோடையில் தீப்பிடித்தால் பரவக் கூடாதென்று சீமைக்கருவேலத்தைக் கழித்துவிடுவார்கள். கழித்த முள்ளும் கிளையும் அவள் காலனி ஓரமாகவே மலையாகக் குவிந்தது. மலை என்றது கொஞ்சம் அதிகம். இரண்டு ஆள் உயரம்.

சூப்பர்வைசர் நெல்லையப்பன் அதைக் கொளுத்தச் சொன்னார். காற்றோ காலனிப் பக்கம் அடித்தது. முதல் கூரை சின்னப்பொண்ணுடையது.

"நெருப்பு வரக்கூடாதுன்னுதான வெட்னோம்? அதுக்கே நெருப்பு வெச்சா இன்னா சார் நாயம்? டிராக்டர்ல அள்ளு."

"டிராக்டர என்ன, உன் மாமனாரா அனுப்புதாரு?" என்று வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

போன வழியில் சின்னப்பொண்ணு போனுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பினார்: "எல்லாத்தையும் மூட்டிருங்க." சரியாக அந்த நேரம் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துத் தொலைத்தது.

கூட வேலை செய்யும் ஜோதி தீப்பெட்டியை எடுத்தாள். சின்னப்பொண்ணு அதைப் பிடுங்கி முந்தானையில் முடிந்தாள்.

"மூடிருங்கன்னு சொல்றாருடி. காத இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா?"

"மூட்டிருங்கன்னுதான்க்கா கேக்குது."

"ஹாரன் முழுங்குனது போவ மீதி இன்னா? மூடு! எட்றி மம்மட்டிய!"

கிளைகளை மிதித்து அமுக்கி, மேலே மண்ணை வாரிக் கொட்டினார்கள். சாயந்திரம் நெல்லையப்பன் வந்து பார்த்தால், புகை இல்லை, பெரிய மேடுதான் இருந்தது. மேட்டு உச்சியில் சின்னப்பொண்ணு புளிசோறு தின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, யானையவா பொதைச்சிருக்கீய? நான் மூட்டல்லா சொன்னேன்!"

அவள் அந்த வாய்ஸ் மெசேஜை முழுச் சத்தத்தில் போட்டாள். மூன்று தடவை கேட்டும் அந்த 'ட்' அவருக்கே அகப்படவில்லை.

"மூட்டணும்னா மண்ண நீயே அள்ளு சார், மம்மட்டி அங்க கீது. மொதல்ல என்னிய எறக்கிட்டு அப்புறம் மூட்டு."

வாயைத் திறந்தவரின் தொப்பியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய் அவள் கூரைமேல் போட்டது. அவர் தொப்பியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"டிராக்டர் ஒண்ணு அனுப்புப்பா..."

"ரெண்டு சார்!"

மேட்டிலிருந்து அவள் போட்ட சத்தம், போனே இல்லாமல் மறைமலை நகர் வரைக்கும் கேட்டிருக்கும்.