துடுப்பில் காது வைத்த வெள்ளிக்கிழமை

கடலூர் முதுநகரில் காலை ஆறரைக்கு ரயில் ஏறும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. பரங்கிப்பேட்டையில் இஸ்மாயில் என்ற பாய்மரப் படகுக்காரர், வருகிறவர்கள் காதிலெல்லாம் துடுப்பை வைத்து, எஞ்சின் படகு தண்ணீருக்குள் போடும் இரைச்சலைக் கேட்கச் சொல்கிறாராம். எஞ்சின் இல்லாதவர் எஞ்சினைப் பழித்தால் எனக்கு வேறு காரணம்தான் தோன்றும். இது அறுபத்தேழாம் ஆண்டு மாசியில்.

ஸ்டேஷனில் இஸ்மாயிலோடு, புதிதாக எஞ்சின் வாங்கிய அவர் மச்சான் யூசுப்பும் நின்றார். கத்தாளை மீன் வரும் காலத்தில் முகத்துவாரத்தில் எஞ்சினை நிறுத்த வேண்டுமா என்று அன்று ஜும்மா தொழுகை முடிந்து ஊர் முடிவு செய்யும். உள்ளூரில் யார் சொன்னாலும் ஒரு பக்கம் சாய்ந்த பேச்சாகும் என்று சென்னையிலிருந்து வேலையாகக் கடலூர் வந்திருந்த வெளியூர்க்காரனான என்னைச் சாட்சியாக வரவழைத்திருந்தார்கள்.

"கத்தாளை கத்துறத கேட்டுத்தான் சார் வலை போடுறேன். அது கேக்கலன்னா கரையிலதான் குந்தணும்" என்றார் இஸ்மாயில்.

"மச்சானுக்குப் பொறாமை ஜாஸ்தி சார்" என்றார் யூசுப்.

இருவர் படகையும் நம்பாமல், மூன்று ரூபாய்க்கு வேறொரு எஞ்சின் படகை அமர்த்தினேன். யூசுப் கூடவே வந்தார். ஒன்பது மணிக்கு முகத்துவாரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பில் கேட்பதற்காக, முன்னால் போய்க் காத்திருந்த இஸ்மாயிலின் படகுக்கு இருவரும் மாறினோம். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை.

"பாத்தியா மச்சான்!" என்று யூசுப் சிரித்தார்.

இஸ்மாயில் கோபப்படவில்லை. "சார் வந்தது எதுல? கொஞ்சம் இருங்க."

ஒரு பீடி தீரும் நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தோம். பிறகு துடுப்புக்குள் ஒரு குரல், அப்புறம் பல. மழை விட்ட குளத்துத் தவளைகள் மாதிரி இருந்தது. எவனாவது அடியில் தட்டுகிறானா என்று குனிந்து பார்த்தேன். யூசுப்பும் குனிந்தார். யாரும் இல்லை.

நான் வந்த படகைக் கிளப்பச் சொல்லி, மறுபடி துடுப்பில் காதை வைத்தேன். காதுக்குள் எதையோ போட்டு அரைப்பதுபோல் இருந்தது, வலித்தது. எஞ்சினை நிறுத்திய பிறகும் கத்தாளை வாய் திறக்கவில்லை.

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வெளியில் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். கத்தாளைக் காலம் முடியும்வரை முகத்துவாரத்தில் துடுப்புதான் என்று முடிவாயிற்று. இஸ்மாயில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் சிதம்பரம் பஸ் ஏறும்போது யூசுப் ஜன்னலருகே வந்தார். "எங்க வாய அடைச்சிட்டீங்க, சரி. மெட்ராஸ்ல அவ்ளோ பெரிய கப்பல்லாம் வருதே, அங்க யாரு சார் காது வக்கிறாங்க?"

சிதம்பரத்தில் ரயில் ஏறி, அந்தக் கேள்வியோடு சென்னை வந்து சேர்ந்தேன். ராயபுரத்தில் என் வீட்டிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீரை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.